வலிக்கு முன்னால் ஒரு அவகாசம்

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கும் ஓர் ஆபீஸில் மெய்ப்புப் பார்க்கிறேன். தினசரிக் காலண்டரின் ஒரு தாளில் என்னவெல்லாம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தேதி, கிழமை, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம், ராசிபலன். எல்லாம் உள்ளங்கை அகலத்துக்குள். ஆடிப்பெருக்கன்று புது வருட ஆல்பம் வெளிவந்ததும் எங்களுக்குச் சீசன் தொடங்கும். மார்கழி வரை மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த மாதங்களில் நான் தவறவிடும் ஒரு புள்ளி, வருடம் முழுக்க ஊர் ஊராகச் சுவரில் தொங்கும்.

எனக்கு வரும் மைக்ரேன் முதலில் பறிப்பது இந்தப் புள்ளிகளைத்தான். ‘திங்கள்’ என்று படித்துக்கொண்டிருப்பேன், ‘ங்’ இருக்காது. விடுபட்டுவிட்டதோ என்று அந்த இடத்தை நேராகப் பார்த்தால் பக்கத்து எழுத்து வந்துவிடும், பார்த்த எழுத்து போய்விடும். கண்ணை எங்கே நகர்த்தினாலும் அந்த ஓட்டை கூடவே நகரும். அதற்கு நிறம் கிடையாது. அங்கே எதுவும் இல்லை, அவ்வளவுதான். ஐந்தாறு நிமிடத்தில் ஓட்டையின் ஓரம் மினுங்கத் தொடங்கும். வெள்ளியும் கறுப்புமாக, முனைமுனையாக மடிந்த ஒரு கோடு, தையல் மிஷின் ஊசி ஓடுகிற வேகத்தில் துடிக்கும். கோடு வளைந்து பிறையாகும், பிறை விரிந்துகொண்டே போகும். தாளின் இடது பாதி காணாமல் போகும். எதிரே நின்று பேசுகிறவருக்கு ஒரு கன்னம் இருக்காது. இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் பிறை பார்வையின் விளிம்பைத் தொட்டுக் கரைந்துவிடும். எழுத்துகள் எல்லாம் திரும்பி வந்து அவையவை இடத்தில் நிற்கும். அதற்குப் பிறகுதான் வலி.

மருத்துவர்கள் இதை ஆரா என்கிறார்கள். மைக்ரேன் உள்ளவர்களில் நான்கில் ஒருவருக்கோ மூன்றில் ஒருவருக்கோ இது உண்டு. இந்தக் கட்டுரையை அந்த இருபத்தைந்து நிமிடத்துக்காகவே எழுதுகிறேன். என்னவென்று தெரியாதவரை அது வெறும் பயம். தெரிந்த பிறகு எனக்கு அது அவகாசமாகிவிட்டது. ஆரா இல்லாதவர்களுக்கு இப்படிக் கண்முன் வந்து நிற்கிற முன்னறிவிப்பு கிடைப்பதில்லை.

என் அம்மாவுக்கும் இது இருந்தது. எங்கள் ஊரில் அதற்குப் பித்தம் என்று பெயர். “கண்ணுல பூச்சி பறக்குதுடி” என்று அம்மா சொன்னால் எங்களுக்குப் புரிந்துவிடும். உலையை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு, பழைய வேட்டித் துணியை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மூட்டை அடுக்கிய இருட்டு அறையில் போய்ப் படுத்துவிடுவாள். ஆச்சி சுக்கை உரசிப் பத்துப் போடுவாள். சாயங்காலம் வாந்தி எடுத்ததும் அம்மா எழுந்து வந்து பாத்திரம் தேய்ப்பாள். பூச்சி பறப்பது ஏன், பிறகு வலிப்பது ஏன் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவளும் கேட்டதில்லை. ஆரா உள்ள மைக்ரேன் குடும்பத்தில் இறங்கும் நோய். ரஸ்ஸல், ஓலசன் என்ற இருவர் டென்மார்க்கில் நடத்தி 1995-ல் வெளியிட்ட ஆய்வில், இந்த நோய் உள்ளவரின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு என்று தெரிந்தது. இன்று என் மகளுக்கும் இருக்கிறது.

கண் கோளாறு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கண்ணாடி மாற்றினேன், பிறை மாறவில்லை. கடைசியில் மதுரையில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி இது.

“எந்தக் கண்ணுலம்மா தெரியுது?”

“இடது கண்ணுல சார்.”

“இடது கண்ணைப் பொத்திக்கிட்டுப் பாத்தீங்களா?”

பார்த்ததில்லை. “அடுத்த தடவை வரும்போது ஒவ்வொரு கண்ணாப் பொத்திப் பாருங்க. ரெண்டையும் மூடியும் பாருங்க. மணி பாத்து எழுதுங்க. முடிஞ்சா வரைஞ்சுக்கிட்டு வாங்க” என்றார்.

அடுத்த முறை வந்தபோது இடது கண்ணைப் பொத்தினேன், பிறை இருந்தது. வலது கண்ணைப் பொத்தினேன், அப்போதும் இருந்தது. இரண்டையும் இறுக்கி மூடினேன். இமைக்குள் இருந்த இருட்டிலும் அது துடித்தது. கண்ணில் இருக்கிற கோளாறாக இருந்தால் ஒரு கண்ணோடு நின்றிருக்கும். இது அதற்குப் பின்னால், மூளையில் நடக்கிறது. இடப்பக்கக் காட்சியை இரண்டு கண்களிலிருந்தும் வாங்கிக்கொள்வது மூளையின் வலது பாதி என்பதால்தான் எனக்கு எப்போதும் இடப்பக்கம் போகிறது. அன்று கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில், சில நிமிடத்துக்கு ஒரு பிறையாக வரைந்து, பக்கத்தில் மணியைக் குறித்தேன். ஒன்றுக்குள் ஒன்றாக விரிந்துகொண்டே போகும் பிறைகள். மருத்துவர் அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

அவர் சொல்லித்தான் இதே வேலையை எனக்கு முன்னால் செய்தவர்களைப் பற்றித் தெரிந்துகொண்டேன். பிரிட்டனின் அரச வானியலாளராக இருந்த ஜார்ஜ் பிடெல் ஏரிக்கு இந்தப் பிறை வந்தது. 1865-ல் அதைப் பற்றி எழுதினார். அவர் மகன் ஹ்யூபர்ட் ஏரி மருத்துவர், அவருக்கும் வந்தது. அவர் தன் பிறைகளை வரிசையாக வரைந்து 1870-ல் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். மேலிருந்து பார்த்தால் பழைய கோட்டையின் மதில் எப்படிக் கொத்தளம் கொத்தளமாக முனை நீட்டி மடிந்து போகுமோ அப்படி ஒரு படம். அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. நான் யாருக்கும் விளக்க முடியாமல் இருந்த ஒன்றை, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக்கு முன்பே ஒருவர் கோடு பிசகாமல் வரைந்து வைத்திருந்தார்.

அடுத்தவர் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர். தனக்கு ஆரா வரும்போதெல்லாம் காகிதத்தில் ஒரு புள்ளி குத்தி, அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு, ஓட்டையின் விளிம்பு எந்த நிமிடத்தில் எங்கே இருக்கிறது என்று வரைந்தார். பார்வையில் அது நகரும் தூரத்தை மூளையின் பரப்பில் கணக்கிட்டு, ஏதோ ஒன்று மூளையின் மேல் நிமிடத்துக்கு சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகிறது என்று 1941-ல் எழுதினார். அது என்ன என்பது அவருக்குத் தெரியாது. மூன்று ஆண்டு கழித்து, 1944-ல், ஹார்வர்டில் முயல்களை வைத்து வலிப்பு நோயை ஆராய்ந்துகொண்டிருந்த பிரேசில்காரர் அரிஸ்டிடிஸ் லியாவ், மூளையின் புறணியில் மின்செயல்பாடு ஓரிடத்தில் அடங்கி, அந்த அடக்கம் மெல்லப் பரவிக்கொண்டே போவதைக் கண்டார். அதன் வேகமும் நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான். லாஷ்லி காகிதத்தில் அளந்ததும் லியாவ் முயலில் கண்டதும் ஒன்றோடொன்று பொருந்தின. மனித மூளையில் அது ஓடுவதை நேரில் பார்க்க 2001 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாஸ்டனில் நூஷின் ஹஜிகானியும் அவருடைய குழுவும் ஸ்கேன் கருவிக்குள் ஆராவைப் பிடித்தார்கள். கூடைப்பந்து ஆடினால் தனக்கு ஆரா வந்துவிடும் என்று தெரிந்த ஒருவர், ஆடிவிட்டு வந்து கருவிக்குள் படுத்துக்கொண்டார். அவர் உதவியில்லாமல் அது நடந்திருக்காது.

நடப்பது இதுதான். மூளையின் பின்பக்கம், பார்வைக்கு உரிய புறணியில், ஓரிடத்து நரம்பு செல்கள் ஒன்றாகக் கிளர்ந்து துடிக்கின்றன. துடித்ததும் அசந்து அடங்கிவிடுகின்றன. அதற்குள் கிளர்ச்சி பக்கத்துச் செல்களுக்குத் தொற்றியிருக்கும். அலையின் முன்விளிம்பில் இருக்கும் துடிப்புதான் நான் பார்க்கும் மினுங்கும் கோடு. பின்னால் இருக்கும் அடக்கம்தான் ‘ங்’ காணாமல் போன ஓட்டை. அந்தப் பகுதியிலுள்ள செல்கள் பலவும் குறிப்பிட்ட சாய்வில் இருக்கும் கோட்டுக்கு மட்டுமே விழித்துக்கொள்பவை என்று ஹ்யூபெல், வீசல் இருவரும் கண்டுபிடித்து 1981-ல் நோபல் பரிசு பெற்றார்கள். கோட்டுக்கு விழிக்கும் செல்கள் தாமாகவே துடித்தால் வெளியே இல்லாத கோடுகள் தெரிகின்றன. பிறை முனைமுனையாக மடிந்திருப்பதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கம் அது. நாம் நேராகப் பார்க்கும் சிறு இடத்துக்கு மூளை அதிகப் பரப்பை ஒதுக்கியிருக்கிறது. அதனால்தான் பிறை நடுவில் மெதுவாகவும் ஓரத்துக்குப் போகப் போக வேகமாகவும் விரிகிறது. என் காலண்டர் தாளில் கடைசி இரண்டு பிறைகளுக்கு இடையே அவ்வளவு இடைவெளி விழுந்ததும் அதனால்தான்.

எனக்குச் சில முறை அலை பார்வையோடு நிற்காது. இடது கை விரல்கள் மதமதக்கும். அந்த மதமதப்பு கையில் ஏறி, தோளை விட்டுவிட்டு, உதட்டிலும் நாக்கிலும் வந்து உட்காரும். அரிதாக, எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரியும், சொல் மனதில் ஏறாது. ‘சதுர்த்தசி’ என்று இருப்பது தெரிகிறது. என்ன பொருள் என்று பிடிபடுவதில்லை. பதினைந்து நிமிடத்தில் அதுவும் திரும்பிவிடும். இதையெல்லாம் எதிர்பார்க்கலாம் என்று முன்கூட்டியே ஒருவர் சொல்லி வைத்தால் எவ்வளவு பயம் மிச்சமாகும் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

வலி எங்கிருந்து வருகிறது? மூளைக்கு வலி தெரியாது. மூளையைப் போர்த்தியிருக்கும் உறைக்குத் தெரியும். அலை ஓடியபோது கசிந்த பொருட்கள் உறையில் பரவியிருக்கும் முக்கிளை நரம்பின் முனைகளை உசுப்புகின்றன. அவை சிஜிஆர்பி என்ற சிறு புரதத்தை வெளியிட, ரத்தக் குழாய்கள் விரிந்து, நரம்பு மேலும் கூர்மையாகி, நாடித் துடிப்பே சம்மட்டியாக விழுகிறது. இந்தத் தொடரைக் கண்டுபிடித்ததற்காக எட்வின்சன், கோட்ஸ்பி, மாஸ்கோவிட்ஸ், ஓலசன் நால்வருக்கும் 2021-ல் டென்மார்க்கின் மூளை ஆய்வுப் பரிசு கிடைத்தது. சிஜிஆர்பியை மடக்கும் ஊசி மருந்துக்கு அமெரிக்காவில் 2018-ல் அனுமதி கிடைத்தது.

சரி, எழுத்து மறையத் தொடங்கிவிட்டது. என்ன செய்வேன்?

முதலில் மணியைப் பார்ப்பேன். எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது என்று அது சொல்கிறது. பேனாவை மூடி, எந்த வரியில் நிறுத்தினேன் என்று ஸ்கேலை வைத்துவிட்டு எழுவேன். அந்தப் பாதிப் பார்வையில் திருத்திய மெய்ப்பை நம்ப முடியாது. வெளியில் இருந்தால் ரோட்டைக் கடக்க மாட்டேன். இடப்பக்கத்திலிருந்து வரும் லாரி எனக்குத் தெரியாது, தெரியவில்லை என்பதும் தெரியாது. மகளிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பது இதுதான்: ஸ்கூட்டியில் போகும்போது பூச்சி பறந்தால் ஓரமாக நிறுத்து, ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார், அரை மணி நேரத்துக்குச் சாவியைத் தொடாதே.

பிறகு மாத்திரை. எனக்கு எழுதிக் கொடுத்திருப்பது இரண்டு வகை. வீக்கம் குறைக்கும் சாதாரண வலி மாத்திரையையும் குமட்டலுக்கான மாத்திரையையும் ஆரா தொடங்கியதுமே தண்ணீர் நிறையக் குடித்துப் போட்டுவிடுவேன். வலி முற்றினால் இரைப்பை வேலையை நிறுத்திவிடுகிறது, அதற்குப் பிறகு விழுங்கும் மாத்திரை வயிற்றிலேயே கிடக்கும். சீக்கிரம் போடச் சொல்வது அதனால். இரண்டாவது, டிரிப்டான் என்ற வகை. சுமாட்ரிப்டான், ரிசாட்ரிப்டான் என்ற பெயர்களில் மருத்துவர் சீட்டுக்குக் கிடைக்கும். இது மைக்ரேனுக்கென்றே உருவான மருந்து. ஆனால் இதை ஆராவின்போது போட்டால் பயனில்லை. வலி எட்டிப் பார்க்கும் நேரத்தில் போட வேண்டும். “பிறை கரையட்டும், வலி தொடங்கட்டும், அப்பப் போடுங்க” என்று மருத்துவர் சொன்னதை அப்படியே செய்கிறேன். இதய நோய் உள்ளவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் ஆராவில் ஒரு பக்கம் செயலிழந்து போகிறவர்களுக்கும் டிரிப்டான் ஆகாது. அதனால் யாருக்கோ எழுதிய சீட்டைக் காட்டி இதை வாங்கவே கூடாது.

மிச்ச நேரத்தில் ஒரு துண்டு கடலைமிட்டாய் தின்று, இருட்டான இடத்தில் குளிர்ந்த ஈரத் துணியைக் கண்மேல் போட்டுப் படுத்துவிடுவேன். வலி வராமலே போவதும் உண்டு. வந்தாலும் அம்மாவை அடித்துப் போட்ட அந்த நாள்முழுதான வலியாக அது பெரும்பாலும் வளர்வதில்லை. ஆச்சியின் சுக்குப் பத்தைப் பற்றியும் மருத்துவரிடம் கேட்டேன். “இதமா இருந்தாப் போடுங்கம்மா. மாத்திரைக்குப் பதிலா போடாதீங்க” என்றார். நெற்றி காந்தும்போது அந்தச் சூடு எனக்கு இதமாகத்தான் இருக்கிறது.

இதெல்லாம் வந்த பிறகு செய்வது. வராமல் தடுப்பது நீண்ட வேலை. அதற்கு எனக்கு உதவியது என் ஆபீஸின் சரக்கேதான். தினமும் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் இரவு மூன்று வரி எழுதுவேன்: எப்போது தூங்கினேன், எப்போது சாப்பிட்டேன், தலை எப்படி. மாதவிலக்கு நாளுக்கு ஒரு வட்டம். ஆரா வந்தால் ஒரு பிறை. முன்பக்கத்தில் தேதி ஏற்கெனவே இருக்கிறது. மருத்துவரிடம் போகும்போது கட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டுக் கொண்டுபோவேன்.

அந்தத் தாள்களை வரிசையாகப் பரப்பியபோதுதான் சில விஷயங்கள் புலப்பட்டன. பிறை, வேலை தலைக்குமேல் போகும் நாளில் வருவதில்லை. ஃபைனல் பிளேட் போனதற்கு மறுநாள், நிம்மதியாகக் கொஞ்சம் அதிகம் தூங்கி எழுந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறது. இறுக்கம் தளரும் நேரத்தில் மைக்ரேன் தாக்குவது மருத்துவ ஆய்விலும் பதிவான ஒன்று. விரத நாளில் வருகிறது. டீ நேரம் தள்ளிப்போன நாளில் வருகிறது. எண்ணெய் தேய்த்துத் தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு வெறும் வயிற்றில் ஓடிவந்த வெள்ளிக்கிழமைகளில் வருகிறது. தலைக்குக் குளித்தால் தலைவலி வரும் என்று நம் வீட்டுப் பெண்கள் காலங்காலமாகச் சொல்வதை மேல்நாட்டு மருத்துவ நூல்கள் கண்டுகொண்டதில்லை. மும்பையின் தலைவலி மருத்துவர் கே. ரவிசங்கர், தலைக் குளியலால் மைக்ரேன் தூண்டப்பட்ட 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006-ல் ஒரு பன்னாட்டு மருத்துவ இதழில் எழுதினார். பெண்கள் சொன்ன ஒரு வார்த்தையை ஒருவர் காது கொடுத்துக் கேட்டு, எண்ணி, எழுதி வைத்ததற்காக அவர்மேல் எனக்குத் தனி மரியாதை.

இன்னொன்றும் தெரிந்தது. ஆராவுக்கு முந்தின நாள் எனக்குக் கொட்டாவி கொட்டாவியாக வரும், பிடரி இறுகும், இனிப்பு வேண்டும்போல் இருக்கும். அந்த இனிப்பால்தான் தலைவலி வந்தது என்று வீட்டில் சொல்வார்கள். நோய் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. இனிப்பு ஆசை அதன் முதல் படி. வெளிச்சம் உறுத்துவதும் வாசனை குடைவதும்கூடப் பல நேரம் இப்படித்தான். மல்லிகைப் பூவையும் சாம்பிராணியையும் குற்றவாளியாக்குவதற்கு முன் தாள்களைப் பார்க்க வேண்டும். சில தூண்டல்கள் உண்மையானவை. எங்கள் தெருக் கோயில் மதிலின் காவியும் வெள்ளையுமான பட்டைகளை ஒட்டி நடந்தால் எனக்குக் கண் கூசும். நெருக்கமான பட்டைக் கோடுகள் மைக்ரேன்காரர்களின் பார்வைப் புறணியைத் தொந்தரவு செய்யும் என்பது சோதித்து அறிந்தது. நான் எதிர்ச் சாரியில் நடக்கிறேன். ஆனால் உலகத்திலுள்ள எல்லாத் தூண்டலையும் விலக்கி வாழ முடியாது. மைக்ரேன் மூளை கேட்பது ஒழுங்கு: ஒரே நேரத்துத் தூக்கம், ஒரே நேரத்துச் சாப்பாடு, தண்ணீர், ஞாயிறும் திங்களும் ஒரே அளவு காபி. விரதத்தை விடவில்லை, பாலும் பழமும் எடுத்துக்கொள்கிற விரதமாக மாற்றிக்கொண்டேன்.

எங்கள் பைண்டிங் பகுதியில் ஓர் அக்கா இருக்கிறார். அவருக்கு ஆரா கிடையாது, மைக்ரேன் உண்டு. “தினம் காலைல ஒண்ணு போட்டாத்தான் தாயி ஓடுது” என்று மெடிக்கலில் வாங்கும் மாத்திரையை முந்தானையில் முடிந்துவைத்திருப்பார். அவரையும் மதுரைக்குக் கூட்டிப்போனேன். தலைவலி மாத்திரையே தலைவலியை உண்டாக்கும் நிலை ஒன்று இருக்கிறது. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, டிரிப்டானையோ எர்காட் மாத்திரையையோ பல மருந்து கலந்த மாத்திரையையோ 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கும் அதிகமாகப் போட்டால் தலைவலி தினசரியாகிவிடும். போட்டால் குறையும், குறைந்த இடத்திலிருந்து மறுபடி கிளம்பும். அக்காவுக்கு அந்த மாத்திரையை நிறுத்திய முதல் சில நாட்கள் கொடுமையாக இருந்தன. மருத்துவர் துணையோடு நிறுத்தினார்.

அடிக்கடி வருகிறவர்களுக்குத் தினமும் போடும் தடுப்பு மருந்து உண்டு. இவற்றில் நெடுநாளாகப் பயன்படும் பலவும் முதலில் மைக்ரேனுக்காகப் பிறந்தவை அல்ல. ப்ரோபனலால் இதய மருந்து, அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கானது, டோபிரமேட் வலிப்புக்கானது. எனக்கு முதலில் கொடுத்த ஃப்ளூனரிசின் தூக்கத்தைக் கூட்டி எடையையும் ஏற்றியது. சொன்னதும் மருத்துவர் ப்ரோபனலாலுக்கு மாற்றினார். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆகாது என்பதால் எனக்கு அது உண்டா என்று முதலில் கேட்டுக்கொண்டார். டோபிரமேட் சிலருக்குச் சொல் தேட வைக்கும். என் தொழிலுக்கு அது வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டார். வால்புரோயேட் என்ற இன்னொரு தடுப்பு மருந்தும் டோபிரமேட்டும் கருவைப் பாதிக்கக் கூடியவை; பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் இதை மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்க வேண்டும். எந்தத் தடுப்பு மருந்தானாலும் பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். இரண்டு வாரத்தில் கேட்கவில்லை என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பெண்களுக்கு ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆரா உள்ள மைக்ரேன்காரர்களுக்கு ரத்தக் குழாய் அடைப்பால் வரும் பக்கவாத வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. இளம் வயதில் அந்த வாய்ப்பே மிகச் சிறியது என்பதால் இரட்டித்தாலும் சிறியதுதான். ஆனால் புகைபிடித்தாலும், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் அது ஏறுகிறது. நம் நாட்டில் பரவலாகக் கிடைக்கும் மாலா-டி, மாலா-என் இரண்டிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு. ஆரா உள்ளவர்களுக்கு எந்த வயதிலும் இந்தக் கலப்பு மாத்திரை கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். மாற்று இருக்கிறது, காப்பர்-டி உட்பட. என் சித்தி மகளுக்குக் கல்யாணமான புதிதில் இந்த மாத்திரை கொடுத்திருந்தார்கள். அவளுக்கும் பூச்சி பறக்கும். செவிலியரிடம் சொன்னதும் உடனே மாற்றிக் கொடுத்தார். சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்? ‘தலைவலி உண்டு’ என்று மட்டும் சொன்னால் போதாது. ‘கண்ணில் இப்படித் தெரியும்’ என்று சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆராவையும் பக்கவாதத்தையும் பிரித்துப் பார்க்கவும் பழக வேண்டும். ஆரா மெல்ல வளரும், ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு பரவும், மினுங்கும், பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பக்கவாதம் ஒரே அடியில் வரும்: வாய் கோணும், கை தொங்கும், பேச்சு குழறும், பார்வை பட்டென்று இருளும். முதல் ஆராவே ஐம்பது வயதுக்குப் பிறகு வந்தாலோ, வழக்கமான ஆரா புது வடிவம் எடுத்தாலோ, ஒரு மணி நேரம் தாண்டினாலோ, இதுவரை அறியாத தலைவலி இடிபோல் நொடியில் இறங்கினாலோ, கழுத்து விறைத்துக் காய்ச்சலும் சேர்ந்தாலோ அது நாமே சமாளிக்கிற விஷயமல்ல. 108-ஐக் கூப்பிட வேண்டும். எனக்கு வருகிறதுதானே என்று படுத்துக்கொள்ளக் கூடாது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் கர்நாடகத்தில் வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கில், ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்தவர்கள் ஏறத்தாழ நான்கில் ஒருவர். உலகம் முழுக்க இளம் பெண்களை முடக்கும் காரணங்களில் முதலிடம் மைக்ரேனுக்கு என்கிறது 2019-ஆம் ஆண்டின் உலக நோய்ச்சுமைக் கணக்கு. இவ்வளவு பேருக்கு இருந்தும், வேலை செய்யும் இடத்தில் ‘தலைவலி’ என்றால் ஒரு சாக்காகத்தான் காதில் விழுகிறது. எங்கள் முதலாளி அண்ணாச்சியும் முதலில், “தலைவலிக்கெல்லாமாம்மா வீட்டுக்குப் போவாங்க?” என்றுதான் கேட்டார். ஹ்யூபர்ட் ஏரியின் படத்தையும் என் காலண்டர் தாளையும் அவர் மேஜையில் வைத்தேன். “மெய்ப்புல இவ்வளவு இடம் எனக்குத் தெரியாது அண்ணாச்சி. அந்த நேரத்துல நான் பாத்த தாளை நீங்க அச்சுக்கு அனுப்பக் கூடாது” என்றேன். பிழை என்றால் அவருக்குப் புரியும். என் மேஜைக்கு மேல் நடுங்கிக்கொண்டிருந்த பழைய டியூப் லைட் அந்த வாரமே மாறியது. பேப்பர் குடோனில் ஒரு கட்டில் வந்தது. அங்கே மை வாடை வராது, ஜன்னலும் இல்லை. பைண்டிங் அக்காவும் இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறார்.

சமீபமாக எனக்குப் பிறை வந்துவிட்டு வலி வராமலே போவது கூடியிருக்கிறது. வயது ஏற ஏற இப்படி ஆவதுண்டு என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். மாதவிலக்கு நிற்கும் காலம், ஹார்மோன் ஏறி இறங்கும். கொஞ்ச நாள் கூடி, பிறகு பலருக்குக் குறையும் என்றும் சொன்னார். ஆடி பிறக்கும் முன் மதுரைக்குப் போக வேண்டும். இந்த முறை கேட்க இரண்டு கேள்விகள் தாளின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். ப்ரோபனலாலை இந்தச் சீசன் முடிந்ததும் குறைத்துப் பார்க்கலாமா? மகளுக்குக் கல்லூரிப் பரீட்சை மாதங்களில் மட்டும் தடுப்பு மருந்து தேவைப்படுமா? அவளுடைய தாள்களையும் கேட்டு வாங்கி, தனிக் கட்டாகக் கட்டி வைத்திருக்கிறேன்.